சொல்லி அனுப்புகிறோம்

ஒருத்தியைப் பழிவாங்க நான் பிரான்ஸ் வரைக்கும் போக வேண்டியிருந்தது அக்கா. அவளும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே விமானத்தில்தான் வந்தாள். எனக்கு நாலு சீட் தள்ளி உட்கார்ந்து, தலையில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, கொடுத்த ஆரஞ்சு ஜூஸை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

'வந்தாள், குடித்தாள்' என்று சொல்கிறேனே என்று பார்க்கிறீர்களா? அறுபது வயசு தாண்டினவள்தான். மரியாதையாக 'வந்தார்கள்' என்று சொல்ல வேண்டும். வாய் வர மாட்டேன் என்கிறது.

நீங்கள் தூங்குவதாக இருந்தால் தூங்குங்கள் அக்கா. என் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்து, "டூர் கைடா?" என்று கேட்டீர்கள், அதனால்தான் ஆரம்பித்தேன். கைடு இல்லை. கைடு சொல்வதைத் தமிழில் சொல்கிறவள். சென்னையில் ஒரு டிராவல்ஸில் வேலை. ரிட்டையர் ஆனவர்களைக் கூட்டிக்கொண்டு போய் பிரான்சில் பழைய ராஜாக்கள் கட்டின மாளிகைகளைக் காட்டுவோம். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரி சுற்றிக் காட்டுவாள். அவள் பேசப் பேச நான் சின்ன மைக்கில் தமிழில் சொல்வேன், எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். எனக்குச் சொந்தமாகப் பேச வராது அக்கா. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பொழுது சாயும்வரை சொல்வேன். உங்களோடு பேசுகிறேன் என்றால், நீங்கள் யாரோ, நான் யாரோ. பஸ் புதுச்சேரி வந்தால் முடிந்தது.

அவள் பெயர் ஞானசௌந்தரி. நெய்வேலி, வட்டம் பத்தொன்பது. பயணிகள் பட்டியலில் அந்தப் பெயரையும் முகவரியையும் பார்த்தபோது எனக்குக் காது அடைத்துப்போனது. அந்த டூருக்கு உண்மையில் வேறொரு பெண் போக வேண்டியது. நான் மேனேஜரிடம் போய், "சார், இதுக்கு நான் போறேன்" என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். நான் வாய் திறந்து எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை.

என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? என்னைப் பார்க்க வந்தாள். பெண் பார்க்க.

நாலு வருஷம் ஆகிறது. ஆவணி மாதம். அவள், அவள் புருஷன், மகன், மூன்று பேர்தான். எங்கள் வீட்டில் அம்மா, தங்கை, நான். அப்பா இல்லை. வந்து உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் இல்லை, எழுந்துவிட்டாள். "சுத்திப் பாத்துடலாமா?" என்றாள். பெண் பார்க்க வந்தவள் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டாள் அக்கா! அடுக்களைக்குப் போனாள், பின்கட்டுக்குப் போனாள், குழாயைத் திறந்து பார்த்து, "தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டாள். திரும்பி வந்து அண்ணாந்து பார்த்து, "வீடு கொஞ்சம் இருட்டா இருக்கு, இல்ல?" என்றாள். எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு ஜன்னல்தான். இருட்டாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல வேண்டுமா?

சுவரில் ஒரு காலண்டர் படம் மாட்டியிருந்தேன். காலேஜில் பிரெஞ்சு டிக்டேஷனில் முதலாவது வந்ததற்குக் கொடுத்தது. ஆற்றின் மேல் பாலம் மாதிரி கட்டின ஒரு மாளிகை. அதன் முன்னால் நின்றுகொண்டு, "இது எந்த ஊரு கோயிலு?" என்றாள்.

தங்கைதான் சொன்னாள். "கோயில் இல்லீங்க, பிரான்சுல ஒரு மாளிகை. ஆத்து மேலயே கட்டியிருக்காங்க."

"ஆத்து மேலயா? கொசு பிச்சிப் புடுங்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மல்லிகைப்பூ கனத்தில் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது.

மகன் சிரிக்கவில்லை. திருமாறன் என்று பெயர். அலமாரிப் பக்கம் போய் என்னுடைய பெரிய பிரெஞ்சு அகராதியைத் தொட்டு, "இத முழுசாப் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அகராதியை யாராவது முழுசாகப் படிப்பார்களா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. "பிரெஞ்சுல ஏதாவது சொல்லுங்களேன்" என்றும் கேட்டார். தொண்டைவரை வந்தது. நின்றுவிட்டது.

"பொண்ணு பேசவே மாட்டேங்குதே" என்றாள் இவள். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோம்" என்றாள்.

சொல்லி அனுப்பவே இல்லை அக்கா.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதற்குக்கூட நாங்கள் லாயக்கில்லை. ஆவணி போனது. புரட்டாசியில் யாரும் பேச மாட்டார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐப்பசி. கார்த்திகை. அவர்களிடம் அம்மாவுடைய செல் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அது அடித்தால் நான் எங்கே இருந்தாலும் நின்றுவிடுவேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். கீழே சிக்னல் கிடைக்காது. இறங்கி வரும்போது முகத்தைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன். அம்மாவே சொல்வார்கள், "அவங்க இல்லடி, சீட்டுக்காரம்மா." இன்னொரு நாள், "அவங்க இல்லடி, உங்க சித்தி."

கடைசியில் ஒருநாள் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்கள். "தரகர் சொன்னாரு. ஊமைச்சியெல்லாம் எங்க வீட்டுக்கு ஆகாதுன்னு அந்தப் பொம்பள சொன்னாளாம். விடு, அவ மூஞ்சியும் மொகரையும்." சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழவில்லை. ஊமைச்சி. அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அம்மா என் ஜாதகத்தை வெளியே எடுக்கவே இல்லை. "இன்னொருத்தி வந்து என் பொண்ணைப் பாத்துட்டுப் போக விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். யாராவது வரன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததுகூட அம்மாதான். நான் வேலைக்குப் போன பிறகுதான் தங்கை கல்யாணம் நடந்தது, மேலே ஒரு மாடி எடுத்தோம். இப்போது மாடியில் நல்ல வெளிச்சம். எனக்காக இவ்வளவு ரோஷப்பட்ட தாய் வேறு யாருக்கு இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

சரி, விமான நிலையத்துக்கு வருகிறேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்குப் பட்டுப் புடவை, பூ, குனிந்த தலை. இன்றைக்கு பேண்ட், கோட்டு, கழுத்துவரை வெட்டின முடி. பெயரும் வேறு. வீட்டில் தாட்சாயணி. டிராவல்ஸில் சுருக்கி தயா என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவள் நேராக என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, எனக்கு இங்கிலீசும் வராது, பிரெஞ்சும் வராது. தனியா வந்திருக்கேன். என்னை மட்டும் தொலைச்சிடாத. நீதான் எனக்கு வாயி."

நான்தான் அவளுக்கு வாய்! ஊமைச்சி என்று சொன்னவள் என்னிடம் சொல்கிறாள். கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

முதல் மாளிகை ஷெனோன்சோ. ஆற்றின் மேல் கட்டினது, அந்தக் காலண்டர் படத்தில் இருந்ததேதான். எங்களுக்கு வந்த பிரெஞ்சுக்காரி க்ளோதில் என்று ஒரு நடுத்தர வயசுக்காரி. நல்ல பெண். ஒவ்வொரு கதவையும் தன் வீட்டுக் கதவு மாதிரி திறந்து காட்டுவாள். அந்த மாளிகையின் கதை தெரியுமா? ராஜா அதைத் தன் ஆசைநாயகி தியானுக்குக் கொடுத்திருந்தான். ராஜா செத்ததும் ராணி கத்ரின் முதல் வேலையாக அதைப் பிடுங்கிக்கொண்டாள். வேறொரு மாளிகையைக் கொடுத்து, போ என்று அனுப்பிவிட்டாள். இரண்டு பேர் பெயரிலும் தனித்தனியாகத் தோட்டம் இன்றைக்கும் இருக்கிறது. இதை மைக்கில் சொல்லும்போது என் குரல் கணீரென்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ராணியைப் பிடித்துவிட்டது. எத்தனை வருஷம் பொறுத்திருந்தாள் பாருங்கள்.

இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பதிலுக்கு இன்னொரு வீடு குடுத்தாளே, அதுவரைக்கும் நல்ல மனசுதான்" என்றாள்.

எங்கள் கூட்டத்தில் வைத்தியலிங்கம் சார் என்று ஒரு பேங்க் ஆபீசர், சும்மா இருக்க மாட்டார். "ஏம்மா தயா, ராணிக்கு இவ்ளோ பெரிய பெட்ரூம், அட்டாச்டு பாத்ரூமே இல்லியே? வாஸ்து பாக்காம கட்டிட்டானுவளா?"

"அதான் ஆத்து மேல கட்டியிருக்காங்க சார்" என்றாள் இவள். கூட்டமே சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு எங்கள் வீட்டில் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

அடுக்களை கீழே, பாலத்துத் தூணுக்குள் இருக்கிறது. செம்புப் பாத்திரங்கள் பளபளவென்று தொங்கும். அங்கே இவள் உருகிப்போய்விட்டாள். க்ளோதிலின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "இந்தம்மாகிட்ட சொல்லு கண்ணு. எவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க! எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அவங்க கைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்னு சொல்லு" என்றாள்.

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "இந்த அம்மா சொல்கிறார், வீடு ரொம்ப இருட்டாக இருக்கிறதாம். அடுக்களையில் அழுக்கு வாடை வருகிறதாம்."

க்ளோதில் முகம் சுருங்கிப்போனது. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். இவள் பாவமாக என்னைப் பார்த்தாள். "ஏன் கண்ணு, கோவிச்சுக்கிட்டாங்களா? நான் தொட்டிருக்கக் கூடாதோ?"

"அவங்க ஊர் வழக்கம் அப்படி" என்றேன்.

அன்று மிச்ச நேரம் முழுக்க க்ளோதில் இவள் பக்கம் திரும்பவே இல்லை. இவள் மட்டும் அவள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு போனாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்கிறீர்கள்! ஓட்டலுக்குப் போய் அன்றைக்குத்தான் வயிறார சாப்பிட்டேன்.

ஆனால் அது போதவில்லை. ஒரு பேச்சுக்கு ஒரு பேச்சு. அவ்வளவுதானே? நாலு மாதம் காத்திருந்தேனே, அதற்கு?

மறுநாள் ஷாம்போர். அதைப் பற்றிக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். நானூறு அறைக்கு மேல். கட்டின ராஜா அதில் தங்கினது எல்லாம் சேர்த்துச் சில வாரம்தான். நடுவில் ஒரு படிக்கட்டு. ஒன்றில்லை, இரண்டு படிக்கட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே போகும். ஒன்றில் ஏறுகிறவரும் இன்னொன்றில் இறங்குகிறவரும் நேருக்கு நேர் சந்திக்கவே மாட்டார்கள். நடுவிலுள்ள ஜன்னல் வழியாக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இவள் படியைப் பார்த்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, என்னால ஆகாது. ஆனா மேல மொட்டை மாடியில கோபுரமா இருக்குமாமே, அத மட்டும் பாக்கணும். லிப்ட்டு கீது இருக்கான்னு கேக்கறியா?"

சத்தியமாக அந்த நிமிஷம்வரை நான் எதுவும் திட்டம் போடவில்லை. அவளே கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கீழே ஒரு பெரிய கூடம். குளிர். ஜன்னல் ஓரத்தில் கல்லில் ஒரு இருக்கை. அங்கே அவளை உட்கார வைத்தேன்.

"இங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"சரி கண்ணு."

போய்விட்டேன் அக்கா.

யாரிடமும் கேட்கவில்லை. கூட்டத்தோடு மேலே ஏறினேன். மொட்டை மாடியில் கோபுரமும் புகைபோக்கியுமாக ஒரு ஊரே இருக்கிறது. எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தேன். வைத்தியலிங்கம் சார், "அந்த நெய்வேலி அம்மா கீழ உக்காந்திருக்காங்களே" என்றார். "தெரியும் சார், நான் பாத்துக்கறேன்" என்றேன். அரைமணி நேரம் ஆனது. ஒருமணி நேரம் ஆனது. நடுவில் நான் ஒரு தடவை கீழே வந்தேன், ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்க்க. உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் படியில் இறங்கினாலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் இல்லை என்று தெரிந்ததும் தலையைத் தொங்கப்போட்டாள். மறுபடியும் காலடிச் சத்தம், மறுபடியும் தலை. எனக்கு அது நன்றாகத் தெரிந்த வேலை. ஐப்பசி மாதம் முழுக்க நான் செய்தது.

ஒரு காவலாளி அவள் பக்கத்தில் வந்து என்னவோ கேட்டான். இவள் மேலே கையைக் காட்டித் தலையை ஆட்டினாள். "பொண்ணு வந்து சொல்லும்" என்று தமிழிலேயே சொல்லியிருப்பாள். அவன் போய்விட்டான்.

ஆவணிக்கு ஒரு அரைமணி, புரட்டாசிக்கு ஒரு அரைமணி என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரமும் கொஞ்சமும் ஆனது. பஸ்ஸுக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டு, நிதானமாகப் போய் அவள் முன்னால் நின்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி மடியில் அழுத்திக்கொண்டு, "கண்ணு, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள்.

கல் நனைந்திருந்தது. கீழே கால்வரைக்கும் நனைந்திருந்தது.

"நீ வந்து சொல்றேன்னு சொன்னியா, நான் எந்திரிச்சுப் போயிட்டா நீ வந்து தேடுவியேன்னு... அடக்கிப் பாத்தேன் கண்ணு. சக்கரை மாத்திரை போடறவ நான். முடியல."

பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குத் திருப்தியாக இருந்தது. நானூறு அறையுள்ள ராஜா மாளிகையில், நாலு வெள்ளைக்காரர்கள் பார்க்க, ஞானசௌந்தரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம்தான். அதற்குள் ஒரு சின்னக் குழந்தை அம்மாவின் கையை இழுத்து அந்த ஈரத்தைக் காட்டியது. நான் என் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். தமிழ்ப் பெண் ஒருத்தியை அவர்கள் அப்படிப் பார்க்கக் கூடாது இல்லையா? நம் கூட்டத்துக்குக் கேவலம். அதற்காகத்தான்.

முற்றத்தைத் தாண்டி மகளிர் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் பையிலிருந்த மாற்று பேண்ட்டைக் கொடுத்து உடுத்திக்கொள்ளச் சொன்னேன். உள்பாவாடையைக் கைகழுவும் தொட்டியில் அலசிப் பிழிந்து, கை உலர்த்துகிற மிஷினுக்குக் கீழே பிடித்தேன். அது பத்து விநாடி ஊதும், நின்றுவிடும். மறுபடி கையை நீட்ட வேண்டும். இப்படியே எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? அவள் ஒரு மூலையில் பேண்ட்டும் ரவிக்கையுமாக, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று அழுதார்கள்.

பாருங்கள், எனக்கே 'அழுதார்கள்' என்று வருகிறது. அழுதாள்.

"பெத்த மக மாதிரி பண்ற. யாரு பெத்த புள்ளையோ" என்றாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு அவளாகவே பேச ஆரம்பித்தாள். மிஷின் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"உன்ன மாதிரியே பிரெஞ்சு படிச்ச பொண்ணு ஒண்ணு கண்ணு. புதுச்சேரியில. என் மகனுக்குப் பாக்கப் போனோம். வாயே தொறக்கல, ஆனா என்ன அழகு! அந்த வீட்டுச் சொவத்துலதான் நேத்துப் பாத்தோமே, ஆத்து மேல வீடு, அந்தப் படம் மாட்டியிருந்துச்சு. நான் கோயிலான்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. அப்போலேருந்து அதப் பாக்கணும்னு ஒரு ஆசை. இந்த வருசம் என் மகன் அனுப்பி வச்சான்."

என் கை மிஷினுக்குக் கீழேயே இருந்தது. அது நின்றுபோனதுகூட எனக்குத் தெரியவில்லை.

"அவனுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஏதோ பொஸ்தகத்தப் பத்திக் கேட்டானாம், அந்தப் பொண்ணு சிரிச்சுதாம். ஊருக்குப் போறவரைக்கும் காருல அதே பேச்சு. வீடு இருட்டா இருக்கேம்மா, அந்தப் பொண்ணு எப்படி இவ்ளோ படிச்சுதுன்னு கேட்டான். மறுநாளே நான் போன் பண்ணி, எங்களுக்குச் சம்மதம்னு சொன்னேன். அவங்க அம்மாதான் எடுத்தாங்க. 'எங்க தம்புவுக்கு இஷ்டமில்லீங்க, தப்பா எடுத்துக்காதீங்க'ன்னாங்க. தம்புன்னா எனக்கு மொதல்ல புரியல. பையன் யாரோ வேணாம்ங்கறான் போலன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அந்தப் பொண்ணத்தான் அப்படிக் கூப்புடறாங்க! நான் விடல. கார்த்திகைவரைக்கும் மூணு தடவ கேட்டேன். 'பொண்ணு மாட்டேங்குது'ன்னே சொன்னாங்க. இஷ்டமில்லாத புள்ளயக் கட்டாயப்படுத்தக் கூடாதுல்ல. அவனுக்குப் போன வருசம்தான் கல்யாணம் முடிச்சோம். மருமக மாசமா இருக்கா."

மிஷின் மறுபடியும் ஊத ஆரம்பித்தது. நான் பாவாடையைத் திருப்பிப் பிடித்தேன்.

தம்பு என்று என்னைக் கூப்பிடுவது எங்கள் அம்மா ஒருவர்தான் அக்கா. அப்பா போன பிறகு, "எனக்குப் பையன் இல்லன்னா என்ன, நீதான் என் தம்பு" என்று ஆரம்பித்தது. தங்கைகூட அப்படிக் கூப்பிட மாட்டாள். வெளியாட்கள் முன்னால் அம்மாவும் கூப்பிட மாட்டார்கள்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்குத் தெரியும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. நானும் ஒரு நிமிஷம் அசந்துதான் போனேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அக்கா! அதுதான் விஷயம். எப்போது தெரிந்ததோ, எப்படித் தெரிந்ததோ. நான் வேண்டுமென்றே உட்கார வைத்தேன் என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பழிவாங்க எங்கள் அம்மாவின் மேல் சேற்றை வாரி இறைக்கிறாள். தெரியாதவள் மாதிரி, அழுதுகொண்டே. எவ்வளவு நெஞ்சழுத்தம்! தம்பு என்ற பெயரைத் தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். தரகருக்கு எப்படித் தெரியும் என்றா? தெரிந்திருக்கும். தரகர்களுக்குத் தெரியாதது என்ன?

எங்கள் அம்மா எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். நான் கல்யாணம் ஆகிப் போயிருந்தால் அம்மாவுக்கு என்ன நஷ்டம்? தங்கை கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். மாடி எடுத்திருக்க முடியாது. அவ்வளவுதானே?

மிச்ச ஆறு நாளும் நான் அவளோடு வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் விடவில்லை. சாப்பிடும்போது ஊறுகாயை என் தட்டில் வைப்பாள். பஸ்ஸில் தூங்கினால் சால்வையைப் போர்த்துவாள். க்ளோதில் கிளம்புகிற அன்றைக்கு, இவள் தன் பெட்டியிலிருந்து ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழை எடுத்து அவளிடம் கொடுத்து, "அன்னிக்குத் தெரியாமத் தொட்டுட்டேன்னு மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லு" என்றாள். நான் சொன்னேன். இந்தத் தடவை அப்படியே சொன்னேன். மாற்றிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்காக நிற்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "உங்க அம்மா நம்பரு எழுதிக்குடு கண்ணு. ஒரு போனு போட்டு, இப்படி ஒரு பொண்ணப் பெத்ததுக்கு நாலு வார்த்தை சொல்லணும். அவங்க குரலக் கேக்கணும்."

குரலைக் கேட்க வேண்டுமாம்!

எழுதிக் கொடுத்தேன். கடைசி எண் ஏழு. ஒன்று என்று எழுதினேன். அதுதான் அக்கா என் கடைசி அடி. அடிக்கட்டும். யாரோ எடுப்பார்கள். ராங் நம்பர் என்பார்கள். மறுபடியும் அடிக்கட்டும், மறுபடியும் ராங் நம்பர். நன்றாகக் காத்திருக்கட்டும்.

வெளியே அவர் வந்து நின்றுகொண்டிருந்தார். திருமாறன். கொஞ்சம் பருத்திருந்தார். அம்மாவின் பெட்டியை வாங்கிக்கொண்டு, அவள் எங்கேயோ கையைக் காட்டி என்னைத் தேட, அவரும் எட்டி எட்டிப் பார்த்தார். நான் அடுத்த வாசல் வழியாகப் போய்விட்டேன். அவரிடம் நான் ஏன் போய் நிற்க வேண்டும்? நிற்பது எல்லாம் அவர்கள் வேலை இனிமேல்.

அது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. இல்லை, இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸில் வேலை இருந்தது. பழைய டூர் படங்களை எல்லாம் வருஷவாரியாக அடுக்கினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். ஹாஸ்டலில் தங்கினேன். அம்மா தினமும் கூப்பிடுகிறார்கள். எடுக்க நேரமில்லை.

என்ன கேட்டீர்கள்? அம்மாவிடம் கேட்டேனா என்றா?

எதற்குக் கேட்க வேண்டும்? பெற்ற தாயைப் போய், நீ அப்படிச் சொன்னாயா என்று எந்தப் பெண்ணாவது கேட்பாளா? கேட்டால் அவர்கள் இல்லை என்பார்கள். எனக்கும் தெரியும், இல்லை என்பார்கள். அந்த 'இல்லை'யை எந்த முகத்தோடு சொல்கிறார்கள் என்று பார்க்க... அதெல்லாம் வேண்டாம் அக்கா. நான் பழிவாங்கியாயிற்று. முடிந்தது. நிம்மதியாக இருக்கிறேன். உங்களுக்கு என்னைப் பார்த்தால் தெரியவில்லையா, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறேன் என்று?

முத்தியால்பேட்டையா கத்துகிறார் கண்டக்டர்? ஆமாம், கேட்டது. ஆமாம் அக்கா, என் ஸ்டாப்தான். எங்கள் தெரு அதோ, அந்த மருந்துக் கடையை ஒட்டி உள்ளே போகிறதே, அதுதான்.

இல்லை, நீங்கள் காலை மடக்க வேண்டாம். உட்காருங்கள். நான் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிக்கொள்கிறேன். அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்தால் திரும்பி வந்துவிடலாம், என்ன அவசரம்?

அண்ணே, நீங்க போங்க. இங்க யாரும் எறங்கல.